ஒரே ஆளா, இரண்டு ஆளா? ஹாஷ்செட்டைச் சரியாகப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த பொங்கல் விருந்துக்குப் பெயர்ப்பதிவு நிரல் எழுதிக்கொடுத்தது நான்தான். ஜாவா நிரல்மொழியில், ஒரே பொருளை இரண்டு முறை வைக்காத ஹாஷ்செட் என்ற தொகுப்பை வைத்து. "ஹாஷ்செட்டில் ஒரே ஆள் இரண்டு முறை வரவே முடியாது" என்று குழுவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். விருந்தன்று காலையில் முதல் ஆளாக வந்த கௌரி ஆண்ட்டி, தூணில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "தம்பி, என் பேரு ரெண்டு எடத்துல இருக்கே, எனக்கு ரெண்டு பொட்டலமா?" என்றார். அன்று மொத்தம் 23 பொட்டலம் மிச்சம். ஆண்ட்டிக்கு இரண்டாகவே கொடுத்தோம்.

ஹாஷ்செட் மேல் பிழையில்லை. 'ஒரே ஆள்' என்றால் யார் என்று நான் அதற்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. ஹாஷ்செட்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்விக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் ஜாவாவுக்கானவை. சி ஷார்ப், பைத்தான் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். மெத்தட் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒவ்வொன்றின் கீழும் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும். தபால்காரர் வீடு வீடாக ஏறிக் கதவைத் தட்டுவதில்லை. உறையில் இருக்கும் வீட்டு எண்ணைப் பார்க்கிறார், நேராக அந்தப் பெட்டிக்குப் போகிறார். ஒரே பெட்டியில் தாத்தாவுக்கும் பேத்திக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் கடிதம் வரலாம். பெட்டியைத் திறந்தபின் உறைமேல் உள்ள பெயரைப் பார்த்து யாருடையது என்று பிரித்துக்கொள்வது வீட்டுக்காரர் வேலை.

ஹாஷ்செட்டும் இப்படித்தான். எந்தப் பெட்டி என்பதை, பொருளிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு ஹாஷ்கோட் மெத்தட் சொல்கிறது. பெட்டிக்குள் இருப்பவற்றில் எது நாம் தேடுவது என்பதை ஈக்வல்ஸ் மெத்தட் சொல்கிறது. பட்டியலில் ஒருவரைத் தேட முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். 5,000 பேர் கொண்ட ஒரு பட்டியலை இன்னொரு 5,000 பேர் பட்டியலோடு அப்படி ஒப்பிட்டால், மோசமான நேரத்தில் இரண்டரைக் கோடி ஒப்பீடுகள். ஹாஷ்செட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.

ஜாவாவின் ஹாஷ்செட் 1998இல் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. உள்ளே பிரித்துப் பார்த்தால் அது, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் ஹாஷ்மேப்தான். நாம் போடும் பொருள் சாவியாகிறது, மதிப்பாக ஒரு வெற்றுப் பொருள் உட்கார்ந்திருக்கும். தொடக்கத்தில் 16 பெட்டிகள். முக்கால் பங்கு நிரம்பி, அதாவது 12ஐத் தாண்டி 13ஆவது பொருள் வந்ததும், பெட்டிகள் 32 ஆகி எல்லாம் மறுபடி பங்கிடப்படும்.

இரண்டு வெவ்வேறு பொருளுக்கு ஒரே ஹாஷ்கோட் வரலாமா? தாராளமாக வரலாம். ஜாவா ஒரு சொல்லின் ஹாஷ்கோடைக் கணக்கிடும் முறை எளிது: இதுவரை வந்த தொகையை 31ஆல் பெருக்கு, அடுத்த எழுத்தின் யூனிகோட் எண்ணைக் கூட்டு. தமிழில் இதற்கு ஒரு வேடிக்கையான இணை உண்டு. 'சமை' என்ற சொல்லுக்கும் 'சயன' என்ற சொல்லுக்கும் ஜாவாவில் ஒரே ஹாஷ்கோட்: 2,949,876. கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ச' 2970, 'ம' 2990, ஐகாரக் குறி 3016. மற்றதில் 'ய' 2991, 'ன' 2985. 'ம'விலிருந்து 'ய'வுக்குப் போனால் தொகை 31 ஏறுகிறது. ஐகாரக் குறியிலிருந்து 'ன'வுக்குப் போனால் அதே 31 இறங்குகிறது. சமைப்பதும் படுப்பதும் ஒரே பெட்டியில். 16 பெட்டி இருக்கும்போது இரண்டும் 9ஆம் எண் பெட்டிக்குப் போகும். ஆனாலும் குழப்பம் இல்லை, உள்ளே ஈக்வல்ஸ் இரண்டையும் பிரித்துவிடும்.

இப்படி இரண்டு பொருள் ஒரே பெட்டியில் மோதுவது தவறில்லை, எல்லாரும் ஒரே பெட்டியில் குவிவதுதான் தவறு. என்னிடம் நிரலெழுதப் பழகும் ஒரு தம்பி, ஹாஷ்கோடாக அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களைக் கொடுத்திருந்தார். அந்த இரண்டும் வட்டாரத்தைக் குறிப்பவை. தோ பாயோவுக்கு 31, அங் மோ கியோவுக்கு 56, ஈசூனுக்கு 76. தோ பாயோவில் நடக்கும் நிகழ்ச்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் 31தான். சரி, ஆறு இலக்கத்தையும் கொடுக்கலாமே என்றார். 1995 முதல் இங்கே ஏறத்தாழ ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. ஒரு புளோக்கின் விருந்துக்கு அந்த புளோக்கில் குடியிருப்பவர்கள் அத்தனை பேருக்கும் அதே ஆறு இலக்கம்! 2014இல் வந்த ஜாவா 8 இந்த நிலைமையைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஒரு பெட்டியில் எட்டுக்கு மேல் சேர்ந்து, மொத்தப் பெட்டிகள் 64ஆவது இருந்தால், அந்தப் பெட்டியின் சங்கிலியை மர வடிவுக்கு மாற்றிவிடும். அது ஆபத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு. அதை நம்பி ஹாஷ்கோட் எழுதாதீர்கள்.

படி 1: 'ஒரே ஆள்' யார் என்று காகிதத்தில் எழுதுங்கள்

எடிட்டரைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

பெயர் மட்டும் போதுமா? நம்மவர்களில் முருகன் எத்தனை, லட்சுமி எத்தனை! போதாது.

அடையாள அட்டை எண்? ஒருவருக்கு ஒன்றுதான், வாழ்நாள் முழுதும் மாறாது, கணினிக்கு மிகப் பொருத்தம். ஆனால் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ, ஆள் இன்னார் என்று மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அமைப்புகள் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது. பொங்கல் சாப்பாட்டுக்கு அந்த அவசியம் எங்கே இருக்கிறது?

அதனால் பலர் கடைசி மூன்று இலக்கத்தையும் இறுதி எழுத்தையும் மட்டும் வாங்குகிறார்கள். இதை ஈக்வல்ஸில் தனியாக வைத்தால் வினை. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அட்டைகளில் அந்த இறுதி எழுத்து 11 எழுத்துகளில் ஒன்றுதான். ஆக மொத்தம் 11,000 சேர்க்கை. அவை சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 125 பேர் கூடினாலே யாராவது இருவருக்கு ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்த இருவரில் இரண்டாமவர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போவார்.

கைப்பேசி எண்? எட்டு இலக்கம், எல்லாரிடமும் இருக்கும். ஆனால் பாட்டிக்குப் பேரன் தன் எண்ணையே கொடுத்துவிடுவான்.

நான் கடைசியில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்து அடையாளமாக வைத்தேன். இதிலும் ஓட்டை உண்டு. ஒருவரே ஒருமுறை 'லட்சுமி' என்றும் மறுமுறை 'இலக்குமி' என்றும் பதிந்தால் இரண்டு ஆளாகிவிடுவார். அதைப் பரவாயில்லை என்று விட்டேன். பொட்டலம் ஒன்று மிஞ்சினால் யாராவது வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். பெயர் விட்டுப்போய், இலை போடாமல் ஒருவரைத் திருப்பி அனுப்புவது அப்படியல்ல. உங்கள் நிரலில் எந்தத் தவறு மலிவானது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எந்த நூலகமும் அதைச் சொல்லித்தராது.

படி 2: ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் சேர்ந்தே

நீங்கள் எழுதும் கிளாஸில் இந்த இரண்டு மெத்தடும் இல்லையென்றால் ஜாவா ஒவ்வொரு பொருளையும் தனி ஆளாகவே கருதும். உள்ளே இருக்கும் பெயரும் எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் சரி.

விதி இதுதான்: ஈக்வல்ஸ்படி இரண்டு பொருள் சமம் என்றால் அவற்றின் ஹாஷ்கோட் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டாயமில்லை, 'சமை'யும் 'சயன'வும் அதற்குச் சாட்சி. ஈக்வல்ஸை மட்டும் எழுதி ஹாஷ்கோடை மறந்தால், சமமான இரண்டு பேர் வேறு வேறு பெட்டிக்குப் போவார்கள், ஈக்வல்ஸைக் கூப்பிடவே வாய்ப்பு வராது. தற்செயலாக ஒரே பெட்டியில் விழுந்தாலும் தப்ப முடியாது. ஜாவா முதலில் முழு ஹாஷ்கோடை ஒப்பிட்டு, அது பொருந்தினால்தான் ஈக்வல்ஸைக் கேட்கும்.

எழுதும் முறை: ஈக்வல்ஸில் பெயர், எண் என்று எந்தெந்தப் புலங்களை ஒப்பிடுகிறீர்களோ, அதே புலங்களை அப்ஜெக்ட்ஸ் கிளாஸின் ஹாஷ் மெத்தடுக்குக் கொடுத்து, வரும் எண்ணைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் ஈக்வல்ஸின் அளபுரு. அது அப்ஜெக்ட் வகையாக இருக்க வேண்டும். உங்கள் கிளாஸின் வகையைப் போட்டுவிட்டால் அது புதிய மெத்தடாகிவிடும், ஹாஷ்செட் அதைத் திரும்பியும் பார்க்காது. ஓவர்ரைடு குறிப்பை மேலே போட்டு வைத்தால் கம்பைலரே பிடித்துக்கொடுக்கும்.

ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தியது உங்களிடம் இருந்தால் ரெக்கார்டு என்று அறிவித்துவிடுங்கள். இரண்டு மெத்தடும் தானாக வந்துவிடும், புலங்களுக்குப் புது மதிப்பு கொடுக்கவும் முடியாது. இன்றைக்கு நான் புதிதாக எழுதும் எதிலும் ரெக்கார்டுதான். சி ஷார்ப்பில் ஈக்வல்ஸை மட்டும் எழுதினால் கம்பைலர் எச்சரிக்கும். பைத்தான் இன்னும் கண்டிப்பான வாத்தியார்: சமமா என்று பார்க்கும் மெத்தடை மட்டும் எழுதி ஹாஷ் மெத்தடை விட்டால், அந்தப் பொருளை செட்டில் சேர்க்கவே விடாது, உடனே பிழை. ஜாவா மட்டும் வாய்மூடி இருந்துவிடும்.

படி 3: தமிழ்ப் பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இது கிடைக்காது. 23 பொட்டலங்களில் பலவும் இங்கேதான் ஒளிந்திருந்தன.

'கோபால்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம். அல்லது ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக, அடுத்தடுத்து வரலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் வகையில் 'கோ'வின் நீளம் 2, மற்றதில் 3. ஹாஷ்கோட் வேறு, ஈக்வல்ஸும் இல்லை என்று சொல்லும். பழைய கோப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ வெட்டி ஒட்டினால் இப்படி வருவதுண்டு. ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை.

இதற்கு மருந்து தயாராக இருக்கிறது. ஜாவாவின் நார்மலைசர் கிளாஸில் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டால், பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியில் இதே வேலைக்கு நார்மலைஸ் இருக்கிறது. பெயர் நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

ஆனால் கௌரி ஆண்ட்டிக்கு அது போதவில்லை. அவர் பேரன் கைப்பேசியில் 'கௌரி' என்று ஔகாரக் குறி போட்டுப் பதிந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் 'கெளரி' என்று ஒற்றைக் கொம்பு, அப்புறம் ள என்ற எழுத்தையே அடித்திருந்தார். இவை யூனிகோட் பார்வையில் உண்மையிலேயே வேறு சொற்கள், என்எஃப்சி தொடாது. சௌந்தரி, மௌலி, சௌமியா என்று இந்த வகையில் நம்மிடம் பெயர்கள் ஏராளம். ஒற்றைக் கொம்பையும் ளவையும் கண்ட இடத்திலெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றலாம் என்று கை பரபரக்கும். பொறுங்கள், 'வெள்ளி'யிலும் அதே இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. ளவுக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் மாற்றுங்கள். அதிலும் பேச்சுவழக்கு 'வெளக்கமாறு' அடிபடும். அந்தப் பெயரில் யாரும் விருந்துக்குப் பதிந்ததில்லை.

ஸ்ரீயும் தொல்லைதான். சில விசைப்பலகைகள் ஸ என்ற எழுத்தை வைத்து உருவாக்கும், சில ஶ என்ற எழுத்தை வைத்து. பின்னது யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. ஶவை ஸவாக்கிவிட்டால் ஸ்ரீதரன்கள் ஒன்றாகிவிடுவார்கள்.

முக்கியமான ஒன்று: இப்படித் திருத்திய வடிவத்தை ஒப்பீட்டுக்கு மட்டும் தனிப் புலமாக வையுங்கள். பட்டியலில் அச்சிடுவது அவர்கள் எழுதிய வடிவமாகவே இருக்கட்டும். ரெக்கார்டு எல்லாப் புலங்களையும் ஒப்பிடும் என்பதால், ஒப்பீட்டு வடிவத்தையும் எண்ணையும் கொண்ட சிறு ரெக்கார்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது வசதி. கைப்பேசி எண்ணுக்கு இவ்வளவு சிரமம் இல்லை: இலக்கமல்லாத எல்லாவற்றையும் நீக்குங்கள், பத்து இலக்கம் இருந்து முதலில் 65 இருந்தால் அதையும் நீக்குங்கள், எட்டு மிஞ்சும்.

படி 4: ஆட் சொல்லும் பதிலைக் கேளுங்கள்

செட்டில் பொருளைச் சேர்க்கும் ஆட் மெத்தட் ஒரு பூலியன் மதிப்பைத் திருப்பித் தருகிறது. புதிதாகச் சேர்ந்தால் ட்ரூ, ஏற்கெனவே இருந்தால் ஃபால்ஸ். பலர் முதலில் உள்ளே இருக்கிறதா என்று கன்டெயின்ஸ் மெத்தடைக் கேட்டு, இல்லையென்றால் ஆட் செய்கிறார்கள். ஒரே பெட்டியை எதற்கு இரண்டு முறை திறப்பது? ஆட் செய்யுங்கள், ஃபால்ஸ் வந்தால் "ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள்" என்று காட்டுங்கள்.

இன்னொன்று, சமமான பொருள் ஏற்கெனவே இருந்தால் ஆட் பழையதைத்தான் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை பதியும்போது 'சைவம்' என்று ஒருவர் மாற்றியிருந்தால், அந்தத் தகவல் காற்றில் போகும். புதியதுதான் நிற்க வேண்டும் என்றால் ஹாஷ்மேப் எடுங்கள்: அந்தச் சிறு ரெக்கார்டு சாவி, முழுப் பதிவு மதிப்பு. என் இரண்டாவது பதிப்பு அப்படித்தான் ஆனது.

படி 5: உள்ளே போனதை மாற்றாதீர்கள்

செட்டுக்குள் இருக்கும் ஒருவரின் கைப்பேசி எண்ணை நேராக மாற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹாஷ்கோட் மாறிவிடும், ஆனால் பொருள் பழைய பெட்டியிலேயே கிடக்கும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய புளோக்கின் பெட்டியில் கடிதம் கிடப்பதுபோல. கன்டெயின்ஸ் இல்லை என்று சொல்லும். ரிமூவ் செய்தால் நீங்காது. ஆனால் முழுச் செட்டையும் வரிசையாக அச்சிட்டால் ஆள் அங்கே இருப்பார். இரவு பதினொரு மணிக்கு இந்தப் பிழையைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

ரெக்கார்டு வைத்தால் பெரும்பாலும் இந்தப் பேச்சே இல்லை. பழைய வகைக் கிளாஸ்தான் என்றால், ஈக்வல்ஸ் பார்க்கும் புலங்களை ஃபைனல் ஆக்கி, புது மதிப்பு கொடுக்க முடியாதபடி செய்யுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் ரிமூவ், பிறகு மாற்றம், பிறகு ஆட். இந்த வரிசை தப்பக் கூடாது.

ஃபார் சுழற்சிக்குள் இருந்துகொண்டு அதே செட்டிலிருந்து நீக்குவதும் கூடாது, கன்கரன்ட் மாடிஃபிகேஷன் பிழை வந்து நிற்கும். ரிமூவ்இஃப் மெத்தடுக்கு நிபந்தனையைக் கொடுத்தால் ஒரே வரியில் முடியும்.

படி 6: இரண்டு நாள் பட்டியல்

சனிக்கிழமை கோலம் போட வருபவர்கள் ஒரு செட், ஞாயிற்றுக்கிழமை பரிமாற வருபவர்கள் இன்னொரு செட். இரண்டு நாளும் வருபவர்கள் வேண்டுமா? ரீட்டெயின்ஆல். ஏதாவது ஒரு நாளாவது வருபவர்கள்? ஆட்ஆல். சனி மட்டும்? ரிமூவ்ஆல். மூன்றுமே கூப்பிட்ட செட்டையே மாற்றிவிடும், புதிய செட் எதையும் தராது. அதனால் எப்போதும் முதலில் ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் செய்யுங்கள். பைத்தானின் குறியீடுகள் புதிய செட்டைத் தருவதால், அங்கிருந்து வருபவர்கள் இதில் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

ரிமூவ்ஆலில் ஒரு படுகுழி. அதற்கு ஒரு பட்டியலைக் கொடுத்து, பட்டியல் உங்கள் செட்டின் அளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால், செட்டின் ஒவ்வொரு பொருளையும் அந்தப் பட்டியலில் முதலிலிருந்து தேடும். வேகத்துக்காக ஹாஷ்செட் எடுத்த பயன் போய்விடும். பட்டியலை முன்கூட்டியே செட்டாக மாற்றிக் கொடுங்கள்.

படி 7: அளவு, வரிசை, த்ரெட்

1,000 பேர் வருவார்கள் என்று தெரிந்து, உருவாக்கும்போதே 1000 என்று கொடுத்தால் அது 1,024 பெட்டிகளாகும். ஆனால் 768ஐத் தாண்டியதும் மறுபடி பெரிதாகும், ஏனென்றால் நீங்கள் சொன்னது பெட்டிகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஜாவா 19இல் வந்த நியூஹாஷ்செட் ஆட்களின் எண்ணிக்கையையே வாங்கிக்கொள்ளும். சில நூறு பேருக்கெல்லாம் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வரிசையை ஹாஷ்செட் காப்பாற்றாது. பதிந்த வரிசை வேண்டுமென்றால் லிங்க்ட்ஹாஷ்செட். அகரவரிசை வேண்டுமென்றால் ட்ரீசெட், ஆனால் அது ஈக்வல்ஸைப் பார்க்காது, ஒப்பிடும் விதியை மட்டுமே பார்க்கும். பெயரை மட்டும் ஒப்பிடும் விதியைக் கொடுத்தால் எல்லா முருகனும் ஒரே முருகன்.

பல த்ரெட்கள், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள், ஒரே நேரத்தில் எழுதும் என்றால் சாதாரண ஹாஷ்செட் வேண்டாம். கன்கரன்ட்ஹாஷ்மேப்பின் நியூகீசெட் அதற்கென்றே இருக்கிறது.

படி 8: சோதனை

நான் இப்போது எந்தக் கிளாஸை ஹாஷ்செட்டில் போட்டாலும், முதலில் சில வரிச் சோதனை எழுதிவிடுகிறேன். 'கௌரி', 'கெளரி' இரண்டும் ஒரே எண்ணோடு: அளவு 1 வர வேண்டும். சேர்ந்த குறியோடு ஒரு கோபால், பிரிந்த குறியோடு ஒரு கோபால்: அளவு 1. இரண்டு முருகன், வெவ்வேறு எண்: அளவு 2. ஒரே எண்ணில் பாட்டியும் பேரனும்: அளவு 2. முன்னால் 65 போட்டு இடைவெளியோடு ஓர் எண், வெறும் எட்டு இலக்கமாக அதே எண்: அளவு 1. கடைசியாக, புதிதாக உருவாக்கிய சமமான பொருளை வைத்து கன்டெயின்ஸ் கேளுங்கள், ட்ரூ வர வேண்டும். உள்ளே போட்ட அதே பொருளை வைத்துக் கேட்டால் ஹாஷ்கோட் எழுதாதபோதும் ட்ரூதான் வரும், எதையும் நிரூபிக்காது.

அடுத்த பொங்கலுக்குப் பட்டியல் சரியாக வந்தது. கௌரி ஆண்ட்டி அதே தூணருகே நின்று படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "என்ன தம்பி, போன வருஷம் ரெண்டு குடுத்தியே?"